பையில் ஸ்பிரே இருக்கலாம். அடித்த பிறகு யார் பேச்சு எடுபடும்?

பெப்பர் ஸ்பிரே வாங்கி வைத்துக்கொள்ளலாமா, பையில் இருப்பதைப் பார்த்தால் போலீஸ் வழக்குப் போடுமா என்ற கேள்வி இந்தப் பத்திக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பவர்களில் பெரும்பாலோர் கல்லூரியில் முதலாண்டு, இரண்டாமாண்டு படிக்கும் பெண் பிள்ளைகள். அடுத்தபடியாக அவர்களுடைய அம்மாக்கள். டவுன் பஸ் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து காலனிக்கு ஒரு கிலோமீட்டரோ ஒன்றரையோ நடக்க வேண்டும். நடுவில் ஊர்த்தெரு, தெருமுனையில் மதகுக் கட்டை, கட்டையில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள். தெருவிளக்கு ஊர்த்தெருவோடு முடிந்துவிடும். இதை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிப்பவர்களில் பலருக்கு அது தினப்படி நடை.

கேள்விக்குச் சுருக்கமான பதில் இதுதான். தமிழ்நாட்டில் பெப்பர் ஸ்பிரே வாங்க, வைத்திருக்க, கையில் எடுத்துச் செல்ல யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. மருந்துக் கடைகள் சிலவற்றிலும் இணைய வழியிலும் பகிரங்கமாக விற்கிறார்கள். போலீஸ் அதிகாரிகளே கல்லூரி விழிப்புணர்வுக் கூட்டங்களில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆகவே, தங்கச்சிகள் தைரியமாக வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

சுருக்கமான பதிலோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். மீதிப் பாதி, சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதிலும், அதை எடுத்து வாசிப்பவர் யார் என்பதிலும் இருக்கிறது.

ஆயுதச் சட்டம் 1959இல் வந்தது. தாக்குவதற்கோ தற்காப்பதற்கோ ஆயுதமாகச் செய்யப்பட்ட எந்தப் பொருளும் ஆயுதம்தான் என்று அது பொத்தாம்பொதுவாகச் சொல்கிறது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே ஆன பொருள்களை விலக்கிவைக்கிறது. லத்திக் கம்பையும் சாதாரணக் கைத்தடியையும் அதற்கு உதாரணமாகக் குறிப்பிடுகிறது. இதுவரை சரி. அதே சட்டத்தில் ‘தடை செய்யப்பட்ட ஆயுதங்கள்’ என்று ஒரு வகை உண்டு. விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும் துப்பாக்கி, பீரங்கி போன்றவை அதில் வரும். அவற்றோடு சேர்த்து, தீங்கு தரும் திரவத்தையோ வாயுவையோ பீய்ச்சுவதற்கென்று செய்யப்பட்ட ஆயுதங்களும் அந்த வகைதான் என்று ஒரு வரி இருக்கிறது.

அந்த வரியை அப்படியே எடுத்துப் படித்தால் பெப்பர் ஸ்பிரே எங்கே நிற்கும்? 1959இல் இந்தச் சட்டத்தை எழுதியவர்களின் மனதில் இருந்தது போர்க்களத்து விஷவாயு போன்ற சங்கதிகளாக இருக்கலாம். பெண்பிள்ளையின் கைப்பைக்குள் அடங்கும் டப்பா அன்று கடையில் இல்லை. இன்று வரைக்கும் அந்த வரிக்குள் பெப்பர் ஸ்பிரே வராது என்ற புரிதலில்தான் விற்பனையும் வாங்கலும் நடக்கின்றன. பெப்பர் ஸ்பிரேயை அனுமதிக்கிறோம் என்று பெயர் சொல்லி எழுதிய மத்தியச் சட்டம் ஏதும் இல்லை. நடைமுறைதான் அனுமதி.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் 5ஆவது பிரிவிலும் ஏறத்தாழ இதே சொற்கள்தான். அங்கே அந்தச் சொற்களைக் கொண்டுதான் பெப்பர் ஸ்பிரேயை முழுவதுமாகத் தடை செய்திருக்கிறார்கள். சாதாரணக் குடிமகனின் பையில் இருந்தாலே குற்றம். உச்சபட்ச தண்டனை 10 ஆண்டு. அதே வாக்கியம் கடல் தாண்டி இங்கே வந்ததும் ஒருவரையும் தொடாமல் தூங்குகிறது. தூங்குவது நல்லதுதான். ஆனால் எழுதாத அனுமதி என்பது அதிகாரியின் மனசைப் பொறுத்தது. அதிகாரியின் மனசு எந்தத் தெருவில் எப்படி வேலை செய்யும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

டப்பாவுக்குள் என்ன?

சில பத்திரிகைகள் ‘மிளகு ஸ்பிரே’ என்று எழுதுகின்றன. உள்ளே மிளகு கிடையாது, மிளகாய்தான். மிளகாயிலிருந்து பிழிந்தெடுத்த காரச் சாற்றை அழுத்தக் காற்றோடு அடைத்து வைத்திருக்கிறார்கள். முகத்தில் பட்டால் கண் தானாக மூடிக்கொள்ளும், மூச்சு இளைக்கும், இருமல் வரும், தோல் எரியும். அரை மணி நேரம், முக்கால் மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். இழுப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். சின்ன டப்பா என்றால் ஆறேழு அடி தூரம்தான் எட்டும். எதிர்க்காற்றில் அடித்தால் நம் முகத்துக்கே திரும்பி வரும். டப்பாவின் மேல் காலாவதித் தேதி இருக்கிறது. அதைத் தாண்டினால் உள்ளே சரக்கு இருந்தாலும் பீய்ச்சும் வேகம் குறைந்துபோகும். நம் கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். எண்ணெய் வைக்கவே கூடாது.

விலை 200 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரைக்கும் போகிறது. நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு 2025-26இல் அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். வேலையை அளந்து போடுவதால் கைக்கு வருவது அதிலும் குறைவு. ஒரு டப்பாவுக்கு ஒரு நாள் வெயில். அதனால்தான் நம் வீடுகளில் சிலர் மிளகாய்ப் பொடியைப் பொட்டலம் கட்டிப் பிள்ளையின் பைக்குள் வைத்து அனுப்புகிறார்கள். பொடியை வைத்திருப்பது எந்தச் சட்டத்துக்கும் விரோதமில்லை. ஆனால் ஒன்று கவனத்தில் இருக்கட்டும். வழிப்பறிக்காரர்களும் மிளகாய்ப் பொடியைத்தான் தூவுகிறார்கள். இரவு வாகனச் சோதனையில் ஒரு பையனின் சட்டைப் பையில் பொட்டலம் அகப்பட்டால், அவன் எந்தத் தெரு என்று தெரிந்த பிறகு நடக்கும் விசாரணை வேறு மாதிரி இருக்கும். அதற்குப் பெயர் ஒட்டிய, பில் உள்ள டப்பா மேல்.

எடுத்துப் போகக் கூடாத இடங்கள் சில. விமானத்தில் கைப்பையில் வைத்துக்கொண்டு ஏற முடியாது, சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். நாடாளுமன்றத்துக்குள் 2014 பிப்ரவரி 13 அன்று தெலங்கானா மசோதா வந்தபோது விஜயவாடா உறுப்பினர் லகடபதி ராஜகோபால் அடித்த ஸ்பிரேயில் உறுப்பினர்கள் இருமிக்கொண்டு வெளியே ஓடியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நீதிமன்றம், தேர்வு அறை போன்ற இடங்களுக்கும் கொண்டுபோகாமல் இருப்பதே புத்தி. மெட்ரோ ரயிலில் ஊருக்கு ஊர் விதி மாறுகிறது. ஹைதராபாத்தில் 2019 நவம்பரில் கால்நடை மருத்துவரான பெண் கொலையான பிறகு, டிசம்பரில் அங்குள்ள மெட்ரோவில் பெண்கள் ஸ்பிரே எடுத்துச் செல்ல அனுமதி கொடுத்தார்கள். ஒரு உயிர் போன பிறகு ஒரு விதி தளர்ந்தது. வகுப்பறையில் விளையாட்டுக்கு அடித்துப் பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் ஒரு அழுத்து அழுத்தினால் இருபது பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போக நேரும்.

வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு

நம் பிள்ளைகள் இப்போது சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போகிறார்கள். அரசு உதவித்தொகையில் இங்கிலாந்துக்கு மேல்படிப்புக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இங்கே வாங்கிய டப்பாவைப் பெட்டிக்குள் போட்டு எடுத்துப் போய்விடாதீர்கள். சிங்கப்பூரில் அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். ஹாங்காங்கிலும் அது ஆயுதக் கணக்குதான். இங்கிலாந்து நிலவரம் மேலே சொன்னோம். கனடாவில் மனிதர் மேல் அடிப்பதற்கென்று விற்பதும் வைத்திருப்பதும் தடை; காட்டுக் கரடியை விரட்டும் ஸ்பிரேக்குத் தடை இல்லை. ஜெர்மனியில் இதையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். ‘மிருகத்தை விரட்ட’ என்று டப்பாவில் எழுதியிருந்தால் அது ஆயுதமே இல்லை, யாரும் வாங்கலாம். மனிதன் தாக்க வந்தால் தற்காப்புக்கு அதையே அடித்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் வைத்திருக்கலாம். ஆனால் நியூயார்க்கில் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், துப்பாக்கிக் கடையிலோ மருந்துக் கடையிலோ நேரில் போய்த்தான் வாங்க வேண்டும். கலிபோர்னியாவில் டப்பாவின் அளவுக்கு உச்சவரம்பு. ஆஸ்திரேலியாவில் நீண்டகாலமாக மேற்கு ஆஸ்திரேலியா ஒன்றில்தான் நியாயமான காரணத்தோடு வைத்திருக்க வழி இருந்தது. 2025 செப்டம்பரில் வட பிரதேசமும் சோதனை முறையில் திறந்துவிட்டது. மற்ற இடங்களில் எல்லை தாண்டினாலே குற்றவாளி. ஜப்பானில் வாங்கலாம், தகுந்த காரணம் இல்லாமல் வெளியே எடுத்துப் போகக் கூடாது. இரவில் சைக்கிள் ஓட்டப் போனபோது ஸ்பிரே வைத்திருந்த ஒருவர் மீது அங்கே வழக்குப் போட்டார்கள். கடைசியில் 2009இல் உச்ச நீதிமன்றம், தற்காப்புக்காக வைத்திருந்தது தகுந்த காரணம்தான் என்று அவரை விடுவித்தது.

இந்தக் கதைகளில் நம் மனதில் தங்குவது டென்மார்க்கில் நடந்தது. 2016 ஜனவரியில் ஸோண்டர்போர்க் என்ற ஊரில் 17 வயதுப் பெண்ணை இருட்டில் ஒருவன் கீழே தள்ளித் துணியைக் களையப் பார்த்தான். அவள் பெப்பர் ஸ்பிரே அடித்துத் தப்பித்தாள். அவன் ஓடிவிட்டான். போலீஸ் அவளிடம், ஸ்பிரே வைத்திருந்தது சட்டவிரோதம், அபராதம் கட்ட வேண்டி வரும் என்று சொன்னது. ஊர் கொதித்தது. 500 குரோனர் அபராதம் என்று செய்தி வந்ததும் தாங்களே கட்டுவதாகச் சொல்லிப் பலர் முன்வந்தார்கள். பணக்கார நாடு, சாதி இல்லாத நாடு. அங்கேயே தாக்கப்பட்டவள் முதலில் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அடித்த பிறகு

வைத்திருப்பது வேறு, அடிப்பது வேறு. நம் நாட்டில் சிக்கல் இரண்டாவதில்தான்.

2024இல் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. பெங்களூரில் சொத்துத் தகராறு ஒன்றில், ஒரு நிறுவனத்தின் காவலாளி மேல் பெப்பர் ஸ்பிரே அடித்ததாகப் புகார். தற்காப்புக்குத்தான் அடித்தோம், வழக்கை ரத்து செய்யுங்கள் என்று கேட்டார்கள். நீதிமன்றம் மறுத்துவிட்டது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்ததாகத் தெரியவில்லை, விசாரணை நடக்கட்டும் என்றது. பெப்பர் ஸ்பிரே ஆபத்தான ஆயுதமா என்று சொல்ல இந்தியாவில் சட்டம் இல்லை என்பதால், அமெரிக்க நீதிமன்றம் ஒன்றின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பை எடுத்துக்காட்டி, அது ஆபத்தான ஆயுதம்தான் என்ற பொருளில் கருத்துச் சொன்னது. கர்நாடகத் தீர்ப்பு தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டாயப்படுத்தாது. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டப்போவது அதைத்தான்.

ஆபத்தான ஆயுதம் என்றால் என்ன மாறும்? சாதாரணக் காயம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 115ஆம் பிரிவு, ஓராண்டு வரை. ஆபத்தான ஆயுதத்தால் காயம் என்றால் 118ஆம் பிரிவு, மூன்றாண்டு வரை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 324. சுவாசித்தால் உடம்புக்குக் கேடு தரும் பொருளால் காயம் உண்டாக்குவதும் அந்தப் பிரிவில் வருகிறது. ஸ்பிரேயை அதற்குள் நுழைப்பது எழுதத் தெரிந்த எழுத்தருக்கு இரண்டு நிமிட வேலை.

அதே சட்டம்தான் தற்காப்பு உரிமையையும் கொடுக்கிறது. 34 முதல் 44 வரை உள்ள பிரிவுகள் அதற்கானவை. தன் உடலை மட்டுமல்ல, அடுத்தவர் உடலையும் காப்பாற்றலாம். தாக்குதல் நடந்து முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆபத்து வரப்போகிறது என்ற நியாயமான அச்சம் எழுந்ததுமே உரிமை தொடங்கிவிடுகிறது, அச்சம் நீடிக்கும்வரை நீடிக்கிறது. பாலியல் வன்கொடுமை, கடத்தல், ஆசிட் வீச்சு போன்ற நோக்கத்தோடு வருபவனைத் தடுக்கும்போது அவன் உயிரே போனாலும் குற்றமில்லை என்ற அளவுக்கு 38ஆம் பிரிவு போகிறது. அந்த அளவு உரிமை உள்ள இடத்தில் கண் எரிச்சல் எம்மாத்திரம்? தாக்கப்படுகிறவர் ஒவ்வொரு அடியையும் தராசில் நிறுத்துத் திருப்பித் தர வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்று 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

எல்லையும் உண்டு. தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது. அவன் திரும்பி ஓடிய பிறகு துரத்திப் போய் அடித்தால் அது தற்காப்பு இல்லை. நேற்றுக் கையைப் பிடித்தவனை இன்று பஸ் ஸ்டாண்டில் பார்த்து அடித்தாலும் இல்லை. வாய்த் தகராறில் அடித்தால் நிச்சயமாக இல்லை. அடித்தவுடன் வேலை முடிந்தது; வெளிச்சமும் ஆளும் உள்ள இடத்துக்கு ஓட வேண்டும்.

இதெல்லாம் எல்லாப் பெண்களுக்கும் பொதுவானது. இனி நமக்கு மட்டுமே ஆனது.

கையைப் பிடித்தவன் ஊர்த்தெருப் பையன், அடித்தவள் காலனிப் பெண் என்றால், அன்று இரவே அவன் அரசு ஆஸ்பத்திரியில் படுத்துவிடுவான். கண் சிவந்திருக்கும், ஏ.ஆர். புத்தகத்தில் பதிவாகும். சொந்தக்காரர்கள் இருபது பேர் ஸ்டேஷன் வாசலில் நிற்பார்கள். காலையில் நாம் போகும்போது அவர்கள் புகாருக்கு நம்பர் விழுந்திருக்கும். நம் புகாரைக் கொடுத்தால், இரு தரப்பும் மோதல் என்று எழுதி, பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்பார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு குற்றம் சாட்டப்பட்டவருக்கு முன்ஜாமீனை மறுக்கிறது. அந்தப் பயத்தில்தான் எதிர் வழக்கு பிறக்கிறது. நீ அதை வாபஸ் வாங்கு, நான் இதை வாங்குகிறேன் என்ற பேரத்துக்கு அது கைப்பொருள். வன்கொடுமை வழக்குகளைப் பின்தொடர்ந்த எவருக்கும் இந்த ஆட்டம் மனப்பாடம். ஸ்பிரே டப்பா இந்த ஆட்டத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் புதுச் சீட்டு: ஆயுதத்தோடு வந்து தாக்கினாள்.

ஆகவே ஸ்பிரே வாங்குகிறவர்கள் அதோடு சேர்த்துச் சில காரியங்களையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நாம் முந்த வேண்டும். சம்பவம் நடந்த உடனே 112க்கோ பெண்கள் உதவி எண் 181க்கோ போன் போட்டுவிட்டால் நேரம் பதிவாகிவிடும். பிற்பாடு அதுவே சாட்சி. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளுக்கென்றே 14566 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. நமக்குச் சிராய்ப்பு, நகக்கீறல், கிழிந்த துணி எது இருந்தாலும் அன்றே அரசு மருத்துவமனையில் காட்டி ஏ.ஆர். பதிவு செய்ய வேண்டும். துணியைத் துவைக்கக் கூடாது. எழுதிக் கொடுக்கும் புகாரில் ஸ்பிரே அடித்ததை மறைக்காதீர்கள். அவன் என்ன செய்தான், எந்த நொடியில் நாம் அடித்தோம், அதன் பிறகு எங்கே ஓடினோம் என்பதை வரிசையாக எழுதுங்கள். மறைத்துவிட்டு, எதிர்த்தரப்பு சொன்ன பிறகு ஒப்புக்கொண்டால் அது பொய்யாகத் தெரியும்.

புகாரில் அவன் பட்டியல் சாதியைச் சேர்ந்தவன் அல்ல என்பதையும் எழுத வேண்டும். பெண்ணைச் சம்மதமில்லாமல் பாலியல் நோக்கோடு தொடுவதும் அப்படிப் பேசுவதும் சைகை செய்வதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(w) பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை தண்டனைக்குரியது. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியிருந்தால்தான் இந்தச் சட்டம் என்று ஸ்டேஷனில் சொல்வார்கள். இந்தப் பிரிவுக்கு அது தேவையே இல்லை. அவள் என்ன சாதி என்று எனக்குத் தெரியாது என்று அவன் சொல்லித் தப்பவும் முடியாது; நம்மையோ நம் குடும்பத்தையோ அறிந்தவன் என்றால் சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்று 8ஆம் பிரிவில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் போக்சோ சட்டமும் சேரும்.

ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எழுத்து மூலமான புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்ப பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173ஆம் பிரிவு வழி தருகிறது. எங்கள் எல்லை இல்லை என்ற சாக்கும் செல்லாது. எல்லை எதுவானாலும் முதலில் பதிந்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பாதீர்கள். வன்கொடுமை வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018இல் சேர்த்த 18ஏ பிரிவு சொல்கிறது. விசாரிப்பவர் டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும்.

அவர்கள் பொய்யாக எதிர் வழக்குப் போட்டால் அதுவே தனியாக ஒரு வன்கொடுமை. பட்டியல் சாதியினர் மீது பொய்யாகவோ கெட்ட எண்ணத்தோடோ குற்ற வழக்குத் தொடுப்பது 3(1)(p) பிரிவின்படி குற்றம். இதை வக்கீல்களே பல நேரம் எடுத்துச் சொல்வதில்லை. எதிர் வழக்கில் பெண்ணைக் கைது செய்ய வந்தாலும், சூரியன் மறைந்த பிறகு, விதிவிலக்கான சூழல் தவிர, கைது செய்யக் கூடாது. விசாரணைக்கு என்று பெண்ணை ஸ்டேஷனுக்கு அழைக்கவும் கூடாது. வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். அடித்தவள் 18 வயது நிரம்பாத மாணவி என்றால், இது போன்ற குற்றச்சாட்டுக்கு எஃப்.ஐ.ஆர். போடவே கூடாது, பொது நாட்குறிப்பில் எழுதிச் சிறார் நீதி வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சிறார் நீதி விதிகள் சொல்கின்றன.

ஆயுதம் யார் கையில்?

ஒரு டப்பா மிளகாய்ச் சாறுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது. இந்த ஊர்களில் எதை யார் கையில் பிடிக்கலாம் என்பதைச் சட்டத்துக்கு முன்னால் சாதி எழுதியது. 1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. பெண்கள் மேலாடை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது என்பவையும் அதில் இருந்தன. குடையே கூடாது என்ற இடத்திலிருந்து வருகிறோம்.

அந்த வரலாற்றை அறிந்தவர்கள் எழுதியது போல ஒரு விதி நம் சட்டத்தில் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 3ஆவது விதி. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அரசு முன்கூட்டியே அடையாளம் காண வேண்டும். அந்தப் பகுதியில், தேவைப்பட்டால், பட்டியல் சாதியினர் அல்லாதவர்களின் ஆயுத லைசென்ஸ்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அதோடு, உயிரையும் உடைமையையும் காக்கத் தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத லைசென்ஸ் வழங்க வேண்டும்.

இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஆதிக்கம் செய்பவன் கையிலிருந்து வாங்கி, அச்சத்தில் இருப்பவன் கையில் கொடு என்கிறது விதி. துப்பாக்கி வேண்டும் என்று நாம் எழுதவில்லை. காலனிக்குள் துப்பாக்கி வந்தால் முதல் குண்டு யார் மேல் பாயும் என்று நமக்கே தெரியாது. ஆனால் துப்பாக்கி லைசென்ஸ் வரை கொடுக்கச் சொல்லும் சட்டத்தின் கீழ் வாழும் ஒரு பெண், 300 ரூபாய் டப்பாவைப் பையில் வைக்க யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்பதை இந்த விதியைக் காட்டிச் சொல்லலாம். அதைவிட முக்கியம், அவளைக் காப்பது அவளுடைய கைப்பையின் பொறுப்பு அல்ல, மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்று அந்த விதி எழுத்தில் வைத்திருக்கிறது. காலனி வரைக்கும் தெருவிளக்கு போடாத, பஸ்ஸை உள்ளே விடாத, மதகில் உட்காருபவர்களை ஒரு முறைகூடக் கூப்பிட்டுக் கேட்காத நிர்வாகம், கல்லூரிக்கு வந்து ஸ்பிரே வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது.

அதே விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். நம் மாவட்டக் குழு கடைசியாக எப்போது கூடியது, என்ன பேசியது என்பதை அறிய நமக்கு உரிமை உண்டு.

சட்டம் படிக்கும் மாணவர்களும் ஊரில் இருக்கும் பட்டதாரிப் பிள்ளைகளும் இதற்கு ஒரு மாலை ஒதுக்கலாம். வெள்ளைத்தாள், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதுங்கள். 1995ஆம் ஆண்டு விதிகளின் 3ஆவது விதிப்படி இந்த மாவட்டத்தில் வன்கொடுமை நிகழக்கூடியவை என்று அடையாளம் காணப்பட்ட கிராமங்கள் எவை? அங்கே கடந்த ஐந்தாண்டுகளில் ரத்தான ஆயுத லைசென்ஸ்கள் எத்தனை? பட்டியல் சாதியினருக்குக் கொடுத்தவை எத்தனை? கண்காணிப்புக் குழு கூடிய தேதிகள், கூட்டக் குறிப்புகளின் நகல். 30 நாளில் பதில் வர வேண்டும். வந்த பதிலை, வராவிட்டால் வராததை, இந்தப் பத்திக்கு அனுப்புங்கள். ஊர் பெயரோடு வெளியிடுகிறோம்.